டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

டயர் கடையில் நம்மாட்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மாற்றலாகி மும்பை வந்த பிறகும் இதே கேள்விதான். தப்பான கேள்வி என்றால் சண்டைக்கு வராதீர்கள், வங்கிக்காரன், கணக்கோடுதான் வந்திருக்கிறேன்.

ரப்பர் கெட்டியாக இருந்தால் நிறைய ஓடும், ஆனால் ஈர ரோட்டில் பிடிமானம் குறையும். மிருதுவாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். சரி, பின் டயர் விலை 2000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 30,000 கி.மீ. ஓடும், இன்னொன்று 20,000. வருஷம் 6,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு முதலாவதில் செலவு 400 ரூபாய், இரண்டாவதில் 600. வித்தியாசம் வருஷத்துக்கு 200 ரூபாய்! பின்னால் மனைவி, முன்னால் குழந்தை என்று போகிற குடும்பம் (அது சரியா என்பது தனிப் பதிவு) மிச்சம் பிடிக்கிற இடமா இது?

ஊரில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. இங்கே ஜூனில் ஆரம்பித்து செப்டம்பர் வரை நாலு மாசம். முதல் மழையில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். அப்புறம் பேவர் பிளாக், ஜீப்ரா கோட்டுப் பெயின்ட், மேன்ஹோல் மூடி, மேம்பாலத்தின் இரும்பு ஜாயின்ட். விருதுநகரில் வருஷக்கணக்காக வெயிலில் காய்ந்த டயரோடு வண்டியை ரயிலில் ஏற்றி வந்து, "பட்டன் இன்னும் இருக்கே சார்" என்பவர்களை என்ன சொல்ல? பட்டன் இருக்கலாம், ரப்பர் கல்லாகியிருக்கும். பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 1419 என்றால் 2019-ம் வருஷம் 14-வது வாரம் செய்தது. புது டயர் வாங்கும்போதும் இதைப் பார்த்து வாங்குங்கள்.

டயர் பள்ளத்துக்குள் சின்ன மேடு இருக்கும், தேய்மான அடையாளம். சட்டப்படி இருசக்கர வாகனத்துக்குக் குறைந்தபட்ச ஆழம் 0.8 மி.மீ. அது மினிமம் பேலன்ஸ் மாதிரி. அதுவரை வழித்தெடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் வெளியேறும்.

இன்னொன்று, பின் டயர்தான் தேய்கிறது என்று அதை மட்டும் மாற்றுகிறோம். பிரேக் அடித்தால் எடை முன்னால்தான் போகிறது. முன் டயருக்கும் வயசு பாருங்கள்.

என் கட்சி இதுதான்: கொஞ்சம் ஓட்டம் மிச்சமிருந்தாலும் மே மாசமே மாற்றிவிடுங்கள். புது டயரின் மேற்பரப்பும் முதல் நூறு கி.மீ. வழுக்கும். மே நடுவில் மாட்டினால், அந்த வழவழப்பைக் காய்ந்த ரோட்டிலேயே ஓட்டித் தீர்த்துவிடலாம்.