தொடர்வதா, விடுவதா?

காவேரிப் பாசனத்தில் சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவிந்து கிடக்கும் காலத்தில்தான், இஞ்ஜினீயரிங் கலாசாலைகளின் முதல் செமஸ்டர் பரீக்ஷை முடிவுகளும் வீடு வந்து சேருகின்றன. திருவிடைமருதூர் வட்டாரத்தில் இவ்விரண்டு கவலைகளையும் ஒரே குடும்பம் ஒருங்கே சுமப்பது சாதாரணமாகிவிட்டது. மூன்று நான்கு பாடங்களில் தவறிய பிள்ளை, "இந்தப் படிப்பு எனக்கு வராது, விட்டுவிடுகிறேன்" என்கிறான். "கடன் வாங்கிச் சேர்த்தோமே, ஊரார் என்ன சொல்லுவார்கள்?" என்கிறார் தகப்பனார். இருவர் பேச்சிலும் வருத்தம் உண்டு; இருவர் பேச்சிலும் விஷயம் தீருவதற்கான வழி இல்லை.

இந்நிலை எப்படி வந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிக் கலாசாலையின் காலம் தொட்டு, இஞ்ஜினீயரிங் கல்வி வெகுநாள் வரையில் ஒரு சிலருக்கே எட்டுவதாயிருந்தது. இன்றோ தமிழ்நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட இஞ்ஜினீயரிங் கலாசாலைகள் உள்ளன. நுழைவுப் பரீக்ஷை 2007-ல் ஒழிந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. சர்க்கார் பள்ளி மாணாக்கருக்கு நூற்றுக்கு ஏழரை வீதம் இடம் ஒதுக்கும் சட்டம் 2021-ல் இயற்றப்பட்டது. இவை யாவும் நன்மையே. குடியானவர் மகனும், திருபுவனத்துப் பட்டு நெசவாளர் மகளும் இன்று அவ்வாசலைத் தாண்ட முடிகிறது. ஆனால் வாசலை அகலத் திறந்தவர்கள், உள்ளே வந்தவர்களின் கையைப் பிடித்து நடத்தும் பொறுப்பை ஏற்றார்களா என்று கேட்டால், போதிய அளவில் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

படிப்பு கஷ்டம் என்று பிள்ளைகள் சொல்லும்போது அதில் மூன்று விதமான கஷ்டங்கள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, பாஷைக் கஷ்டம். பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்தவன் ஒரே நாளில் இங்கிலீஷ் பிரசங்கத்தின் முன் உட்காருகிறான். பாடம் புரியாததற்கும் பாஷை புரியாததற்கும் அவனுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. இரண்டாவது, அஸ்திவாரக் கஷ்டம். பதினோராம் வகுப்புக் கணிதத்தைச் சரிவரக் கற்காமல் மனனம் செய்து மார்க்கு வாங்கியவனுக்குக் கலாசாலைக் கணிதம் மலையாக நிற்கிறது. மூன்றாவது, மனம் ஒட்டாத கஷ்டம். அண்டை வீட்டுப் பையன் சேர்ந்தான் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவனுக்கு எந்த யந்திரமும் எந்தக் கணக்கும் ஆவலை உண்டாக்குவதில்லை. முதல் இரண்டும் உழைப்பால் தீரும். அவற்றுக்காகப் படிப்பை விடுவது அவசரம். மூன்றாவது உழைப்பால் தீருவது அரிது; அதை மறைத்துக்கொண்டு தொடர்வது வீண்.

எது எது என்று அறிவதற்கு ஜோசியம் வேண்டியதில்லை. தவறிய பாடங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பதினோராம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே தொடங்கி, ஒன்றரை மாதம் தினந்தோறும் படித்துப் பார்க்கட்டும். தெரிந்த ஒருவரைத் தமிழிலேயே விளக்கச் சொல்லட்டும். முன்பு புரியாதது புரியத் தொடங்கினால், குறை அஸ்திவாரத்தில். தொடர வேண்டியதே முறை. புரிந்த பின்னும் மனம் கசந்தால், காரணம் வேறு.

தகப்பனார்களுக்கும் ஒரு வார்த்தை. செலவழித்த பணம் தொடர்ந்தாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. இனிமேல் போடும் பணத்துக்கும் இனிமேல் கழியும் வருஷங்களுக்குமே கணக்குப் பார்க்க வேண்டும். இதை டெல்டாக் குடியானவருக்கு நாம் உபதேசிக்க வேண்டியதில்லை. பயிர் சற்றே மஞ்சளித்தது என்று வயலை உழுதுபோடுவாரும் இல்லை. வேர் அழுகிப்போன நாற்றுக்கு, விதைக்குக் கொடுத்த காசை எண்ணி உரம் கொட்டுவாரும் இல்லை. வயலில் காட்டும் விவேகத்தை வீட்டிலும் காட்டினால் போதும். பெண் பிள்ளை விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும்; படிப்பை விட்டாள் என்றவுடன் கல்யாணப் பேச்சைத் தொடங்குவது அவளுக்கு வேறு படிப்பின் வாசலையும் அடைப்பதாகும்.

விடத் துணிந்தவர்கள் இப்பக்கத்தில் உடனே எடுத்துக்காட்டுவது கும்பகோணத்து ராமானுஜனை. 1904-ல் கும்பகோணம் சர்க்கார் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தவர், மற்றப் பாடங்களைக் கவனியாமல் அதை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிலும் தேறவில்லை. உண்மைதான். ஆனால் அவர் உழைப்புக்கு அஞ்சி விட்டவரல்லர். கணிதம் ஒன்றில் இரவு பகலாக உழைத்ததனால் மற்றவை போயின. அப்படியிருந்தும், 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைக்கும் வரையில் அவர் பட்ட வறுமை கொஞ்சமன்று. ஆகவே விடுகிறவன் எதை விடுகிறான் என்பதைக் காட்டிலும் எதற்காக விடுகிறான் என்பதே முக்கியம். அதற்குப் பதில் இல்லாதவன் இன்னும் சிறிது காலம் பொறுப்பதே நலம்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். அண்ணா பல்கலைக் கழகத்துடன் இணைந்த கலாசாலைகளில் நான்கு வருஷப் படிப்பை முடிக்க ஏழு வருஷம் வரை அவகாசம் உண்டு. அந்த அவகாசம் பலருக்கு உதவியாகவும், முடிவெடுக்க மனமில்லாதவருக்கு வலையாகவும் இருக்கிறது. முதல் வருஷ முடிவில் விடுகிறவன் கலைக் கல்லூரியிலோ, பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்திலோ சேர்ந்து நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நான்காம் வருஷத்தில் விடுகிறவனுக்கு அவ்வளவு வசதி இல்லை.

இங்கே சட்ட விஷயம் ஒன்றையும் நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். நடுவில் விலகும் மாணாக்கனுடைய அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிச்ச வருஷங்களுக்கும் கட்டணம் கட்டு என்று நிர்ப்பந்திக்கும் வழக்கம் கேள்விப்படாததன்று. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் விதிகள் இவ்விரண்டையும் தடுக்கின்றன. பொருளைப் பிணையாகப் பிடித்துவைக்கும் பொது உரிமையை 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 171-ம் பிரிவில் பாங்கிக்காரர் முதலிய சிலருக்கு மட்டுமே அளிக்கிறது. கலாசாலை அந்த ஜாபிதாவில் இல்லை. பயத்தினால் தொடர்கிறவனுடைய தொடர்ச்சி தீர்மானமாகாது.

சர்க்கார் செய்ய வேண்டியதும் உண்டு. 2020-ல் நோய்த் தொற்றுக் காலத்தில், கட்டணம் செலுத்தியிருந்தால் நிலுவைப் பாடங்களில் பரீக்ஷையின்றியே தேர்ச்சி என்று அறிவித்தார்கள். எங்கும் ஆரவாரம் எழுந்தது. மறுவருஷம் சென்னை ஐகோர்ட்டு அதை ஏற்கவில்லை. பரீக்ஷையை ரத்துச் செய்வது உதவியாகாது; முதல் செமஸ்டரிலேயே கணிதத்துக்கும் பாஷைக்கும் தனி வகுப்பு வைத்து, தமிழில் விளக்கும் ஆசிரியர்களை அமர்த்துவதே உதவி.

வரகுண பாண்டியன் கீழவாசல் வழியே மகாலிங்க சுவாமி சன்னதிக்குள் புகுந்து, அங்கே காத்திருந்த பிரமஹத்திக்கு அகப்படாமல் மேலவாசல் வழியே வெளியேறினான் என்பது இவ்வூர் ஸ்தல புராணம். புகுந்த வாசலால் வராததை அவனுக்கு அவமானமென்று யாரும் சொன்னதில்லை. நம் பிள்ளைகளில் உள்ளே நிலைக்கக் கூடியவர்களுக்குத் துணை நிற்போம். வேறு வாசல் வேண்டுவோருக்கு அதைக் காலத்தில் திறந்துவிடுவோம். ஊரார் பேச்சு கீழவாசலிலேயே காத்துக் கிடக்கட்டும்.