வாக்குக் கேட்கும் கட்டடக் கலைஞரிடம் தீவுகளின் சார்பில் மூன்று வினாக்கள்

கட்டடக் கலைஞர் சங்கங்களின் தலைமைப் பொறுப்புக்குப் போட்டியிடுவோரின் வேண்டுகோள்களில் கட்டண விகிதமும் மாநாடும் உறுப்பினர் நலனும் தவறாமல் இடம்பெறுகின்றன. இவை வேண்டாதவை அல்ல. எனினும், அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் குடியிருப்புகளை ஆய்வுப் பொருளாகக் கொண்ட எனக்கு, அவற்றைப் படிக்கும்போதெல்லாம் ஓர் ஐயம் எழுகிறது: இத்தேர்தல் உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியதா?

ஆம் என்பர் பலர். உறுப்பினர் சந்தாவில் நடக்கும் சங்கம் உறுப்பினர்க்கே பொறுப்புடையது என்பது அவர்தம் வாதம். அது பாதி உண்மை. 1917இல் மும்பையில் தோன்றிய இந்தியக் கட்டடக் கலைஞர் நிறுவனம் ஒரு தன்னார்வ அமைப்புத்தான். ஆனால் 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டம், கட்டடக்கலை மன்றத்துக்கு ஐவரைத் தேர்ந்தனுப்பும் உரிமையை அதற்கு அளித்தது. அம்மன்றமே கட்டடக் கலைஞர் பதிவேட்டைப் பேணுகிறது. கல்வியின் குறைந்தபட்சத் தரத்தையும் வகுக்கிறது. எனவே இந்நிறுவனத்தின் தேர்தல் அரைப்பங்கேனும் பொதுத் தேர்தல்.

பொதுமக்களில் கடைக்கோடியில் இருப்போர் தீவுவாசிகள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மொத்த மக்கள்தொகையே 3,80,581. இங்குள்ள கட்டடக் கலைஞர்களின் வாக்குகளால் எந்த அகில இந்தியத் தேர்தலும் முடிவாவதில்லை. வாக்குக் குறைந்த இடத்தின் சிக்கலை வேட்பாளர் மறப்பது இயல்பு; அந்த இயல்பைத்தான் நாம் தடுக்க வேண்டும்.

மறதியின் விலை என்னவென்று 2004 டிசம்பர் 26க்குப் பின் கண்டோம். ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை அழித்தது. அவ்வூர்களின் மரபு வீடு மரக்கால்கள்மேல் நின்றது. தேன்கூடு போல் வளைந்த கூரையும், அடியிலிருந்து ஏணி வழியே ஏறும் வாயிலும் கொண்டது. 'துஹெட்' எனும் கூட்டுக்குடும்பமே அச்சமூகத்தின் அடிப்படை அலகு. பேரலைக்குப் பின் முதலில் வந்தவை தகரக் கொட்டகைகள். அடுத்து, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகள், தாய்நிலத்திலிருந்து கப்பலேறி வந்த பொருள்களைக் கொண்டு எழுந்தன. விரைவு அன்றைய தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் தனிக்குடும்பத்தை அலகாகக் கொண்ட வரைபடம் துஹெட்டின் வாழ்முறையோடு பொருந்தவில்லை. அவ்வேளையில் குடியிருப்போர் பக்கம் நின்று அரசுடன் வாதாடும் தகுதி கட்டடக் கலைஞர்களின் கூட்டுக்குரலுக்கு இருந்தது. அக்குரல் போதிய வலுவுடன் ஒலித்ததாக நான் கருதவில்லை.

இது அறம் பற்றிய பேச்சு மட்டுமன்று. தொழிலின் தன்னலமும் இதில் அடங்கியுள்ளது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டத்தின் 37ஆம் பிரிவு 'ஆர்க்கிடெக்ட்' என்னும் பட்டத்தையே காக்கிறது, அத்தொழிலைப் பிறர் செய்வதைத் தடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. சட்டம் தராத மதிப்பை மக்களின் நம்பிக்கையே தர இயலும்.

தலைமைத் தேர்தல் வேறுவிதமாகவும் அமையலாம் என்பதற்குச் சான்று உண்டு. பிரிட்டனின் அரசக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் 2022இல் முயிவா ஓகி வென்றார். சொந்த அலுவலகம் நடத்தும் மூத்தோர் பலர் வகித்த பதவிக்கு, சம்பளத்துக்கு உழைக்கும் இளம் கட்டடக் கலைஞர்கள் ஒன்றுதிரண்டு அவரை முன்னிறுத்தினர். 2023இல் அவர் பொறுப்பேற்றார். அவ்வெற்றி எல்லாவற்றையும் மாற்றிவிட்டதென நான் சொல்லவில்லை. யாருடைய சிக்கல் தேர்தலில் பேசப்பட வேண்டும் என்பதை வாக்காளரே வகுத்தனர் என்பதே அதன் பாடம்.

ஆகவே, வாக்குக் கேட்டு வருவோரிடம் மூன்று வினாக்களை முன்வைப்போம். நிலநடுக்க அபாயம் மிக மிகுந்த இத்தீவுகளில் பேரிடர்க்குப் பிந்தைய வீட்டுத் திட்டங்களில் குடியிருப்போரின் ஒப்புதலுக்காகச் சங்கம் எவ்வாறு வாதாடும்? பெரிய நிக்கோபாரில் துறைமுகத்தோடு திட்டமிடப்பட்டுள்ள நகரியம் குறித்து உங்கள் நிலைப்பாடு என்ன? வாக்கு எண்ணிக்கை குறைந்த பகுதிகளின் குரல் செயற்குழுவை எட்ட என்ன வழி செய்வீர்கள்?

எனக்கு அத்தேர்தலில் வாக்கில்லை. பேராசிரியர்களே, உங்களுள் பலருக்கு உண்டு. மாணவர்களே, உங்களுக்கு நாளை வரும். விடை தராதவர் எத்துணைப் புகழ்பெற்றவராயினும், அவருக்கு வாக்களிக்குமுன் ஒருமுறை தயங்குங்கள்.