செய்தவருக்குக் கைதட்டல், சோதித்தவருக்கு?



அறிவியல் கண்காட்சி வந்தால் போதும், தெர்மோகோல் ராக்கெட், அட்டை விமானம், மோட்டார் வைத்த காத்தாடி என்று மேஜை நிறைந்துவிடும். பரிசும் அவற்றுக்குத்தான். "இது எந்த இடத்துல உடையும்? அதை எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று யாரும் கேட்பதில்லை. செய்வது பாதி வேலை. செய்ததைச் சோதிப்பது மீதிப் பாதி. அதற்கும் மார்க் வேண்டும், அதற்கும் பரிசு வேண்டும் என்பதுதான் என் கருத்து. இதற்குச் சாட்சியாக விமானத்தைக் கூப்பிடுகிறேன்.

ஏன் விமானம்? பஸ் ரிப்பேரானால் ரோட்டோரம் நிறுத்தலாம். வானத்தில் ஓரம் கிடையாது.

விமானம் என்றால் பெரிய கம்பெனிதான் செய்யும் என்று நினைக்காதீர்கள். 1910-லேயே சென்னையில் டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல்காரர், சிம்சன் கம்பெனியின் உதவியோடு சொந்தமாக விமானம் கட்டிப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். நம் காலத்தில் அமோல் யாதவ் என்ற விமானி, மும்பை காந்திவலியில் வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் செய்து 2016-ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். 2017-ல் அரசு அதைப் பதிவு செய்தது. இப்படி வீட்டில் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களிடம் பெரிய கம்பெனியின் சோதனைக் கருவிகள் எல்லாம் இருக்காது. பல கருவிகளை அவர்களே செய்துகொள்கிறார்கள்.

இதற்கு முன்னோடி ரைட் சகோதரர்கள். அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். 1901-ல் இறக்கைகளைச் சோதிக்க ஒரு காற்றுப் பெட்டி செய்தார்கள். அதற்குள் வைத்த அளவுக் கருவி எதனால் ஆனது தெரியுமா? பழைய ஹேக்ஸா பிளேடும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும்! 1903 நவம்பர் கடைசியில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தபோது புரொப்பல்லர் தண்டில் ஒரு விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். குளிர்காலம் நெருங்குகிறது, பறக்கிற ஆசையோ நெஞ்சு முட்ட இருக்கிறது. ஆனாலும் "பரவாயில்லை, போலாம்" என்று அவர்கள் சொல்லவில்லை. ஆர்வில் ரயில் ஏறி ஊருக்குப் போய்ப் புதுத் தண்டு செய்துகொண்டு வந்தார். டிசம்பர் 17-ல் 12 விநாடி பறந்தார்கள். அந்த 12 விநாடியை எல்லோரும் படிக்கிறோம். அந்த விரிசலைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

வீட்டில் விமானம் செய்கிறவர்களுக்கு உதவும் சில எளிய சோதனைகளைச் சொல்கிறேன். எல்லாம் நமக்குத் தெரிந்த சாமான்தான்.

1. கம்பியில் ஒட்டிய சின்னக் கண்ணாடி, ஒரு டார்ச். பல் டாக்டர் பார்ப்பதுபோல, கை நுழையாத இடத்தைப் பார்க்கலாம்.

2. ஒரு நாணயம். பல அடுக்காக ஒட்டிச் செய்த இறக்கையைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் 'ணங்' என்னும், உள்ளே ஒட்டு விட்ட இடம் 'டொக்' என்னும்.

3. பருத்தித் துணி. கட்டுப்பாட்டுக் கம்பியின் மேல் இழுத்தால், அறுந்த இழை துணியைப் பிடித்துக்கொள்ளும். வெறும் கையால் தடவினால் குத்திவிடும்.

4. நெயில் பாலிஷ். இறுக்கிய நட்டின் மேலும் அதன் பக்கத்திலும் சேர்த்து ஒரு கோடு. நட்டு நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

5. மண்ணெண்ணெயும் சாக்பீஸ் தூளும். இரும்பில் எண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூள் பூசினால், விரிசலில் ஒளிந்திருந்த எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அந்தக் காலத்தில் செய்த முறை இது. இன்று இதையே சிவப்புச் சாயம் வைத்துச் செய்கிறார்கள். (இதை மட்டும் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால்தான் செய்ய வேண்டும்!)

"அதெல்லாம் மெக்கானிக் வேலை, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவது யார்? நம் அம்மா, அப்பத்தா. நாணயத்தால் இறக்கையைத் தட்டுவதும் அதே வித்தைதானே! சோதிப்பது நமக்குப் புதுசு இல்லை. நம்ம ஊர் பூட்டையும் பாருங்கள். சாவியை அரத்தால் ராவி, பூட்டில் விட்டுத் திருப்பிப் பார்த்து, மறுபடி ராவுவார்கள். அங்கே பூட்டேதான் அளவுகோல். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்றால் இந்தப் பொறுமையும் அதற்கு ஒரு காரணம் என்பேன்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. "எல்லாத்தையும் குத்துமதிப்பா முடிச்சிடலாம்" என்பவர்கள் கட்சியில் நான் இல்லை. 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்திலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன் கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானி பாதி உடம்பு வெளியே தொங்கினார். மற்றவர்கள் பிடித்துக்கொண்டதால் உயிர் பிழைத்தார். காரணம், கண்ணாடியை மாற்றியபோது போட்ட 90 போல்ட்டில் 84 போல்ட் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக ஒல்லி. பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து எடுத்திருந்தார்கள். கண்ணால் காண்பதும் பொய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அதனால் வீட்டுக் கருவிக்கு மூன்று கட்டளை வேண்டும் என்பேன்.

ஒன்று, தெரிந்த ஒன்றோடு ஒப்பிட வேண்டும். போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் கருவி சரியா என்று பார்க்க முத்திரை போட்ட எடைக்கல் போதும். படுக்கை வாட்டத்தில் இருக்கும் ஸ்பேனரில், போல்ட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி 5 கிலோ கல்லைத் தொங்கவிட்டால் அந்தக் கல் தரும் திருப்புத்திறன் சுமார் 24.5 நியூட்டன் மீட்டர். கணக்கு நம் புத்தகத்துக் கணக்குதான்.

இரண்டு, பார்த்ததைத் தேதி போட்டு எழுத வேண்டும். போன வாரம் நகக்கண் அளவு இருந்த விரிசல் இந்த வாரம் வளர்ந்திருக்கிறதா என்று ஞாபகம் சொல்லாது, நோட்டுதான் சொல்லும்.

மூன்று, பார்த்ததை வாய் திறந்து சொல்ல வேண்டும். 1988 ஏப்ரல் 28-ல் ஹவாய் தீவில் அலோகா ஏர்லைன்ஸ் விமானத்தின் மேற்கூரை வானத்தில் பிய்ந்துபோய், ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். ஏறும்போதே ஒரு பயணி உடம்புத் தகட்டில் விரிசலைப் பார்த்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்களுக்குத் தெரியாததா என்று நினைத்தாரோ என்னவோ! நாமும் அப்படித்தானே வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம்?

நம் பள்ளியில் விமானம் இல்லை. சைக்கிள் இருக்கிறது. லாரி போகும் மெயின் ரோட்டில்தான் நம்மில் பல பேர் வருகிறோம். பிரேக் கம்பியில் ஓர் இழை அறுந்தால் நாளைக்கே இன்னொன்று அறும். ஆகவே ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அரை மணி நேரம் சைக்கிள் ஸ்டாண்டில் சோதனை நடக்கட்டும். கண்ணாடி, டார்ச், துணி, நெயில் பாலிஷ், ஒரு நோட்டு ஆகியவற்றைப் பெட்டியில் வைத்து ஒவ்வொரு வாரமும் நாலு பேர் பார்க்கலாம். குறையைக் கண்டுபிடிப்பது நம் வேலை, சரி செய்வது சைக்கிள் கடை அண்ணன் வேலை. குறை சொன்னவரை யாரும் திட்டக் கூடாது.

அடுத்த கண்காட்சியில் 'சிறந்த சோதனையாளர்' என்று ஒரு பரிசு வையுங்கள். அடுத்தவர் செய்த மாடலில் எது முதலில் உடையும் என்று காரணத்தோடு சொல்பவருக்கு அது போகட்டும்.

மாணவ மாணவியரே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. இன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன், ஒரு துணியால் உங்கள் பிரேக் கம்பியைத் துடைத்துப் பாருங்கள். துணி மாட்டினால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி