மழையை அளக்கும் குப்பி

ஜூன், ஜூலை மாதங்களில் பத்திரிகையில் மழை அளவு வெளியாகும். அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும் பெயர், சேரம்பாடி.

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு மூலை அது. பந்தலூர் தாலுகா. எங்கு பார்த்தாலும் தேயிலை. எல்லையைத் தாண்டினால் கேரளத்தின் வயநாடு.

"மழையை அளந்து என்ன ஆகப் போகிறது? நனைந்தவனுக்குத் தெரியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு.

வயநாட்டில் நடந்ததை அறிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

16 மணி நேரம்

வயநாட்டின் கல்பற்றாவில் ஹியூம் மையம் என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாவட்டத்தில் 200-க்கும் மேற்பட்ட இடங்களில் மழையை அளந்து கணக்கு வைக்கிறது. அளப்பவர்களில் பலர் விஞ்ஞானிகள் அல்ல, விவசாயிகள், தோட்டக்காரர்கள்.

2024-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி, புத்துமலையில் 200 மில்லிமீட்டர் மழை. அதாவது 8 அங்குலம்! அன்று இரவில் மேலும் 130. "முண்டக்கையில் மண் சரியலாம்" என்று மறுநாள் காலையிலேயே அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்ததாக மையத்தின் இயக்குனர் விஷ்ணுதாஸ் பின்னர் கூறினார்.

ஏறத்தாழ 16 மணி நேரம் கழிந்தது. 30-ந் தேதி, விடிவதற்கு முன்பே மலை சரிந்தது. முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. 250-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பந்தலூர் தாலுகாவிலிருந்து அங்கே வேலைக்குப் போனவரும் அதில் ஒருவர்.

கணக்கு தப்பவில்லை. வீடுகள்தான் காலியாகவில்லை.

2020-ம் ஆண்டிலும் இதே முண்டக்கைக்கு இப்படி எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. அப்போது மக்களை அப்புறப்படுத்தினார்கள். உயிர்கள் தப்பின.

ஒரு புனல், ஒரு குப்பி

மழைமானி பெரிய யந்திரம் அல்ல. ஒரு புனல், கீழே ஒரு குப்பி, அளவுக் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அவ்வளவுதான். கூரையோ மரமோ மறைக்காத இடத்தில் வைக்க வேண்டும். தினமும் காலை 8-30 மணிக்குப் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளையே பார்த்து எழுதிவிடலாம்.

ஒரு மில்லிமீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். 200 மில்லிமீட்டர் என்றால் அதே இடத்தில் 200 லிட்டர். பத்துப் பன்னிரண்டு குடம்! சரிவில் இருக்கும் மண் எத்தனை நாள் தாங்கும்?

தேயிலைத் தோட்டங்களுக்கு மழைக் கணக்கு புதிது அல்ல. வெள்ளைக்காரர் காலத்துப் பழக்கம் அது. ஆனால் ஆபீஸ் நோட்டில் இருக்கும் கணக்கு, லைன் வீட்டில் தூங்குகிறவரைக் காப்பாற்றாது.

ஊருக்கு ஒரு மழைமானியும் போதாது. மலையில் ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும், அடுத்ததில் தூறும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அதே மாவட்டத்துக் கோத்தகிரியில் அப்படி இல்லை.

புயல் என்றால் கடற்கரைக்காரர் கவலை என்று நினைப்பதும் தவறு. 2009 நவம்பரில், அரபிக் கடலில் 'பியான்' புயல் உருவான நாட்களில், நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஆகவே சேரம்பாடியில் லைனுக்கு ஒரு மழைமானி வைக்கலாம். அன்றைய அளவையும், மூன்று நாள் கூட்டுத் தொகையையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் பலகையில் எழுதலாம். எந்த அளவு வந்தால் வீட்டைவிட்டு வெளியேறுவது? இதை அதிகாரிகளும் தோட்ட நிர்வாகமும் மக்களும் கூடி, ஜூன் பிறக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தங்கப்போகும் பள்ளிக்கூடத்தின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதையும்தான்.