டவரை உயர்த்தினால் தண்ணீர் போய்விடுமா?

மக்களே, பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு டிஸ்டிலேஷனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கடன் கொடுப்பவன் கேட்காமல் வேறு யார் கேட்பதாம்? குஜராத்தில் சால்வென்ட் மீட்கும் சின்ன யூனிட்டுகளின் திட்ட அறிக்கைகளைப் படித்துப் படித்து வந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு.

அறிக்கைகளில் ஒரே பல்லவி: டவரை இன்னும் உயர்த்தினால் சுத்தமான ஐபிஏ கிடைக்கும். கிடைக்காது சாமி! ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் 80 டிகிரி சொச்சத்தில், எடையில் சுமார் 88-க்கு 12 என்ற விகிதத்தில் சேர்ந்தே கொதிக்கும். அங்கே ஆவியும் திரவமும் ஒரே கலவை. அதுதான் அசியோட்ரோப். நூறு தட்டு வைத்தாலும் தண்ணீர் கூடவே வரும். உயருவது டவரும் கடன் தொகையும்தான் :-)

அப்புறம் என்ன வழி? கலவையைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள். டிஎச்எஃப்-தண்ணீர் கலவையில் அழுத்தம் மாறினால் அசியோட்ரோப்பின் விகிதமும் நன்றாகவே நகரும். இரண்டு அழுத்தங்களில் வடித்தால் மூன்றாவது பொருளே வேண்டாம். ஐபிஏ-வுக்கு அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. சைக்ளோஹெக்சேன் சேர்த்தால் தண்ணீரை மேலே இழுத்து வரும். குளிர்ந்ததும் இரண்டு அடுக்காகப் பிரியும். இல்லையென்றால் 88 வரை வடித்துவிட்டு ஆவியை 3ஏ மாலிக்யூலர் சீவ் வழியாக விடலாம். தண்ணீர் துளைக்குள் மாட்டிக்கொள்ளும், ஆல்கஹால் நுழையாது.

"பென்சீன் போடலாமே" என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். 1902-ல் சிட்னி யங் எத்தனாலுக்குக் காட்டிய வழி அது. ஆனால் பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும் பொருள். மருந்தில் அதற்கு ஐசிஎச் வைத்திருக்கும் வரம்பு 2 பிபிஎம், சைக்ளோஹெக்சேனுக்கோ 3880. மருந்துக் கம்பெனிக்கு விற்கப்போகிறவர் எதைப் போட வேண்டும் என்று நானா சொல்ல வேண்டும்? பாய்லர் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் மூச்சு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.

இன்று ஐபிஏ, நாளை டிஎச்எஃப் என்று மாற்றி ஓட்டத்தான் பேட்ச் முறை. அப்படியானால் சேர்த்த பொருள் அடுத்த சால்வென்ட்டில் ஒட்டாமல் கழுவும் செலவும், சீவை மறுபடி சூடாக்கி உலர்த்தும் செலவும் அறிக்கையில் இருக்க வேண்டாமா?

சக வங்கியாளர்களே, அடமானப் பத்திரத்தைப் புரட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் கலவையின் அசியோட்ரோப் எத்தனை சதவீதம், அதை எப்படித் தாண்டுவீர்கள்?" பதில் வராவிட்டால் ஃபைலைத் திருப்பி அனுப்புங்கள். கடன் வாங்குபவருக்கும் அதுதான் நல்லது.