காய்ச்சல் விட்ட பிறகும் கவனம் வேண்டும்

அறுபதைத் தாண்டிய ஒருவர், காய்ச்சல் விட்ட சில வாரங்களில், சோற்றில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். வீட்டார் காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். இல்லையேல், வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து.

வைரஸ் தொற்றுக்கும் மனநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் பழையது. 1918 இன்ஃபுளுயன்சா கொள்ளைநோயை அடுத்து, பாஸ்டனில் கார்ல் மெனிங்கர் இத்தகைய நோயாளிகளைப் பதிவு செய்தார். 2022இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு, கொரோனா கண்ட 12 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவக் குறிப்புகளை அலசியது. பதற்றமும் மனச்சோர்வும் சில மாதங்களில் தணிந்தன. மனப்பிறழ்வு அபாயமோ, மற்ற சுவாசத் தொற்று கண்டவர்களோடு ஒப்பிட்டால், இரண்டு ஆண்டுக்குப் பிறகும் கூடுதலாகவே இருந்தது. இதை வைத்து வைரஸ்தான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலில் வழி தெளிவாகவே தெரிகிறது: அதன்பின் சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறது. தண்டுவட நீரைச் சோதித்தால் கண்டுபிடிக்கலாம். சிகிச்சையும் உண்டு, தாமதம்தான் எதிரி.

ஆந்திராவின் சூளூர்பேட்டைக்காரர்கள் இத்தகைய சோதனைகளுக்குத் திருப்பதிக்கோ, ரயிலேறிச் சென்னைக்கோ போகவேண்டிய நிலை. முதுமையில் முதன்முறையாக மனம் குழம்பி வருவோரிடம், சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேட்டுச் சீட்டில் எழுதும் வழக்கமாவது உள்ளூர் அரசு மருத்துவமனையில் உடனே வரவேண்டும். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐப் புறநோயாளிப் பிரிவுச் சுவரில் தெலுங்கிலும் தமிழிலும் ஆந்திர சுகாதாரத் துறை எழுதிவைக்கட்டும்.