வருவாயும் விளையாட்டும்

உவகை பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கென வகுத்த தொல்காப்பியர், செல்வத்தை ஒன்றாகவும் விளையாட்டை வேறொன்றாகவும் எண்ணினார். பொருள் தருவதனால்தான் விளையாட்டு இன்பம் தருகிறது என்று அவர் கொள்ளவில்லை. கல்லூரி விளையாட்டுத் துறைகளின் வருவாய் குன்றும்போது இப்பாகுபாட்டை நாம் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

விளையாட்டைப் பெருவணிகமாக நடத்தும் அமெரிக்கக் கல்லூரிகளை முதற்கண் நோக்குவோம். அங்கே அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் ஈட்டும் பொருளே பெரும்பாலும் ஏனைய ஆட்டங்களைத் தாங்குகிறது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் தேசியக் கூடைப்பந்துப் போட்டி நின்றது. கல்லூரிகளுக்குப் பகிர்ந்தளிக்கவிருந்த 60 கோடி டாலர் 22.5 கோடியாகச் சுருங்கிற்று. அவ்வாண்டு ஜூலையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் 36 விளையாட்டுகளுள் 11-ஐக் கைவிடுவதாக அறிவித்தது. மற்போர், வாட்போர், ஹாக்கி, ஆடவர் கைப்பந்து முதலியன அப்பட்டியலில் இருந்தன. மாணவரும் பழைய மாணவரும் போராடிய பின்னர், 2021 மே மாதம் அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கையின்படி, ஒரு கல்லூரி முதலாண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கே வழங்கலாம் என்றாயிற்று. பொருள் ஈட்டாத ஆட்டங்களின் நிலை மீண்டும் ஐயத்திற்குரியதாயிற்று. வருவாயையே அளவுகோலாகக் கொண்டால் எளிய ஆட்டங்களே முதலில் வெட்டுண்ணும் என்பதற்கு இவை சான்று.

நம் கல்லூரிகளில் நுழைவுச்சீட்டு வருவாயும் இல்லை. தொலைக்காட்சி உரிமையும் இல்லை. மாணவர் செலுத்தும் விளையாட்டுக் கட்டணமும் நிருவாகத்தின் கொடையுமே ஊற்றுகள். சேர்க்கை குறைந்தால் கட்டணமும் குறையும். 2017 மார்ச்சுடன் ஐந்தாண்டுத் திட்டமுறை முடிவுற்றதால், பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டக்கால உதவியையும் முன்போல் எதிர்நோக்க இயலாது.

இதனால் இழப்பு யாருக்கு? மணவூர் நிலையத்தில் மின்தொடர் வண்டியேறிக் கல்லூரிக்கு வரும் எளிய குடும்பத்து மாணவனுக்கே. பணங்கட்டிப் பயிற்சி பெற அவனுக்கு வசதியில்லை. கல்லூரித் திடலே அவனுக்குள்ள ஒரே களம். தமிழக அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆயின் அவ்வுயரத்திற்கு ஏறும் முதற்படியே அகற்றப்படின் அவன் எங்ஙனம் ஏறுவான்?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. விளையாட்டுக் கட்டணம் தனிக்கணக்கில் வைக்கப்பட்டு, வரவுசெலவு மாணவர் அறிய ஆண்டுதோறும் பலகையில் இடப்பெறுதல் வேண்டும். பழைய மாணவர், தாம் ஆடிய ஆட்டத்தின் பெயரால் அறக்கட்டளை நிறுவுதல் வேண்டும். 2013-ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம், பெருநிறுவனங்கள் ஆதாயத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. ஊரக விளையாட்டுப் பயிற்சியும் அப்பணிகளுள் அடங்கும். அருகிலுள்ள தொழிற்சாலைகளைக் கல்லூரிகள் முறையாக அணுகுதல் வேண்டும்.

நூலகம் எவ்வளவு ஈட்டியது என்று நாம் கேட்பதில்லை. திடலையும் அவ்வாறே கருதுவோமாக. சிக்கனம் இன்றியமையாததாயின் விழா மேடையிலும் பொன்னாடையிலும் தொடங்குக; ஆட்டக்காரனின் பயணப்படியிலும் பாலிலும் முட்டையிலும் கைவைத்தல் வேண்டா.